கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னாய்

தம்பி,

அப்பா கடிதம் எழுதியிருக்கிறேன் என்றதும் நீ சிரிப்பாய். இப்போதே சிரித்துவிடு, பின்னால் அதற்கு இடம் இருக்காது. நியாலாஸ் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பைக்கூட முழுதாக முடிக்காதவன் நான். கடைசியாக நீளமாக எழுதியது உன் அம்மாவுக்கு, கல்யாணத்துக்கு முன்னால். அதிலும் பாதியை என் கூட்டாளி ஒருவன் எழுதிக் கொடுத்தான். எந்தப் பாதி என்று அவள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள், நானும் சொல்லாமல் இருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, உன் பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் பெரிது என்று புரிந்துகொள்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ பினாங்குக்குப் பயிற்சி என்று போன பிறகு இந்த வாரம் மூன்று தடவை அடித்தேன். நீ "என்னப்பா?" என்றதும் ஒவ்வொரு தடவையும் என் வாய் தானாக வேறு பக்கம் திரும்பிவிட்டது. முதல் தடவை அங்கே சாப்பாடு எப்படி என்று கேட்டேன். இரண்டாவது தடவை உன் தலைமுடியைக் கிண்டல் செய்தேன். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுப் பூனை நம் வேனுக்கு அடியில் குட்டி போட்டதை அரை மணி நேரம் சொன்னேன். நீயும் பொறுமையாகக் கேட்டாய், பாவம். எதையும் வேடிக்கையாக மாற்றிவிடுவது எனக்குக் கைவந்த வேலை. மீன் விற்கிறவனுக்கு அது வேண்டும். ஆனால் இதை வேடிக்கையாக்கினால் நான் மனிதனே இல்லை. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் வைக்கிறேன். நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம், உன் லேப் டாக்டரம்மாவிடமும் காட்டலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் லேப் ஆன்டிபாடியைக் கெடுத்தது அங்கே வேலை பார்க்கிற சுஹைலா இல்லை. நான்தான்.

ராயா பெருநாள் லீவு உனக்கு நினைவிருக்கும். உன் லேப் மூடியிருந்தது, காவலாளி பொட்டலம் எதையும் வாங்க மாட்டான். நீயோ கூட்டாளி கல்யாணத்துக்கு ஈப்போ போகவேண்டும். வரவழைக்கிற சாமான் லேபுக்குத்தான் வரவேண்டும் என்பது சட்டம். லீவு முடியும்வரை காத்திருந்தால் காய்ச்சல்காரர்களின் ரத்தம் வீணாகிவிடும் என்று நீ நம் புக்கிட் பெருவாங் வீட்டு விலாசத்தைக் கொடுத்தாய். ஈப்போவிலிருந்து போன் அடித்தாய். "அப்பா, பெட்டி வந்தா உள்ள இருக்கிற ட்யூப்பை மட்டும் எடுத்து ஃபிரிட்ஜுல கீழ்த்தட்டுல வைங்க. ஃபிரீசர்ல மட்டும் வெச்சிராதீங்க" என்றாய். "சரிலா, எங்கிட்டயே ஐஸ் பாடம் எடுக்கிறியா?" என்றேன் நான். காது நன்றாகக் கேட்டது. நீ சொன்னதும் தெளிவாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு குற்றமும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் கிளேபாங் பக்கம் விற்று முடித்து வந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது பெட்டி வந்தது. வெள்ளை நுரைப் பெட்டி, என் மீன் பெட்டியின் தங்கச்சி மாதிரி சின்னதாக இருந்தது. பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். அட, நம் பையனும் நம் தொழிலுக்கே வந்துவிட்டான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். திறந்து பார்த்தால் ஐஸ் பைகள் நாலும் கொழகொழவென்று கிடந்தன. நடுவில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ட்யூப், அதற்குள் ரெண்டு சொட்டு. இருபத்திரண்டு வருஷமாக மீன் வேன் ஓட்டுகிறேன். ஐஸ் இளகிய பெட்டி என்றால் உள்ளே இருப்பது சாகப் போகிறது என்று என் கைக்குத் தெரியும். கையில் தெரிந்ததை நம்பித்தான் உன்னை வளர்த்தேன். எவ்வளவு குளிர் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, இது ஒன்றுதான் என் தொழிலில் சட்டம்.

உன் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "ஏங்க, அவன் கீழ வைக்கச் சொன்னான்ல?" என்றாள்.

"அவன் சொன்னப்ப ஐஸ் இளகும்னு அவனுக்குத் தெரியுமா? நீ ரசத்தைப் பாரு. ஐஸை நான் பார்த்துக்கிறேன்."

"தொட்டுக் கெடுத்தீங்கன்னா அவன் மூஞ்சில முழிக்க முடியாது, சொல்லிட்டேன்."

"கெடுக்கிறதா? காப்பாத்துறேன்டி!"

காப்பாற்றினேன். மீன் ஃபிரீசரில், ரெண்டு பாறை மீனுக்கு நடுவில், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். ராத்திரி முழுக்க அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது எடுத்துத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. நல்ல கெட்டி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு, நீ சொன்ன கீழ்த்தட்டில் கொண்டுபோய் வைத்தேன். சாயங்காலம் நீ வந்து பார்த்தபோது அது தண்ணீராகி நல்ல பிள்ளை மாதிரி அங்கே உட்கார்ந்திருந்தது. "தேங்க்ஸ்ப்பா" என்றாய். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை என் சின்ன மீன் பெட்டியிலேயே அதை லேபுக்குக் கொண்டுபோனாய். சாயங்காலம் வந்து சமையலறையில் அம்மாவிடம் சொன்னாய், "சுஹைலா மேசையில வெச்சு, இப்பதான் வந்துச்சுன்னு சொல்லிட்டேன்மா. அவ கையெழுத்துப் போட்டுட்டா. வீட்டுக்கு வந்ததுன்னு தெரிஞ்சா டாக்டரம்மா காய்ச்சி எடுத்துருவாங்க." நான் கூடத்திலிருந்து கேட்டுவிட்டுச் சிரித்தேன். பையன் விவரமாகிவிட்டான் என்று பெருமைகூடப் பட்டேன். அப்போதே உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நான் யார்? என் பொய் ஏற்கெனவே அந்த ட்யூப்புக்குள் ஏறி லேபுக்குப் போய்விட்டது, எனக்குத்தான் அது தெரியவில்லை.

அந்த வாரம் நீ எனக்கு அதை விளக்கினாய். நம் ரத்தத்தில் காவல் காக்கிற செல்கள் இருக்கின்றன, அவற்றின் மேல்தோலில் சின்னச் சின்னக் கைகள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன, எதிரி வந்தால் அந்தக் கைதான் முதலில் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும், அதற்குத்தான் ரிசப்டர் என்று பெயர் என்றாய். டெங்கிக் காய்ச்சல் முற்றுகிறவர்களுக்கு அந்தக் கை கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை என்றாய். "கண்ணுக்குத் தெரியாத கையை எப்படிடா எண்ணுவே?" என்றேன். "அதுக்குத்தாம்ப்பா இந்த ஆன்டிபாடி. அந்த ஒரு கையைத் தவிர வேற எதையும் இது பிடிக்காது. இதோட வால்ல ஒரு நிறம் ஒட்டியிருக்கு. மெஷின்ல வெளிச்சம் பட்டா மின்னும். மின்னுறதை எண்ணினா கையை எண்ணின மாதிரி." நான் யோசித்துவிட்டுச் சொன்னேன், "அப்ப இது கெம்போங் மீனை மட்டும் பிடிக்கிற தூண்டில். வால்ல ஒரு டார்ச் லைட்டைக் கட்டியிருக்கான்." நீ கைதட்டிவிட்டாய். "அப்பா, இதையே நான் மேடையில பேசுறப்ப சொல்லப் போறேன்" என்றாய். உன் வாயால் நான் வாங்கிய ஒரே பரிசு அது, தம்பி. அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

ஏனென்றால் அந்த டார்ச் லைட்டை அணைத்தவன் நான். சில வாரம் கழித்து நீ சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். எல்லாம் மங்கலாக வருகிறது என்றாய். முதலில் உன் கையைச் சந்தேகப்பட்டாய், பிறகு மெஷினை, பிறகு ரத்தத்தை. இளைத்துப்போனாய். டாக்டரம்மா புதிதாக ஒரு ட்யூப் வரவழைத்து, நோயில்லாத ஆள் ஒருவரின் ரத்தத்தில் பழையதையும் புதியதையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். புதியது பளிச்சென்று மின்னியது. பழையது கரி பிடித்த விளக்கு மாதிரி இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து சொன்னாய், "ட்யூப்தான் கெட்டுப்போயிருக்கு. யாரோ வெளிய மறந்து வெச்சிருக்காங்க, இல்லாட்டி உறைய விட்டிருக்காங்க. உறைஞ்சாலே அந்த நிறம் செத்துரும்ப்பா. எதுல கெட்டுச்சுன்னு இப்ப கண்டுபிடிக்க முடியாது."

என் கையில் சோறு இருந்தது. வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, தட்டில் போடவும் முடியவில்லை. உன் அம்மா என்னைப் பார்க்காமல் எழுந்து, காலியாக இருந்த குழம்புச் சட்டியைக் கொண்டுபோய்க் கழுவினாள்.

நீ கேட்டாய். "அப்பா, நீங்க கீழ்த்தட்டுலதானே வெச்சீங்க?"

"பின்ன? உன் மண்டை மேலயா வெச்சேன்?"

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் உன் கண் ஒரு தடவை மீன் ஃபிரீசர் பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பெட்டி என்று டாக்டரம்மாவிடமும் நீ சொல்லவில்லை. உனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள நீ விரும்பவில்லை என்று மட்டும் நினைக்கிறேன். எனக்கு அது புரிகிறது, நானும் அதே ஜாதிதான். காய்ச்சலில் கிடந்தவர்கள் கை நீட்டிக் கொடுத்த ரத்தம் வீணாய்ப் போனது. அவர்கள் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள், அந்தக் காய்ச்சல் ரத்தம் இனி வராது. அதுவும் எனக்குத் தெரியும். அப்படியும் வாயைத் திறக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கேயாவது சொல்லலாம் என்று முட்டி போட்டேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். சாமியார் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். பொய்யின் சைஸைச் சொல்லாமல் இருந்தால் அவர் எப்படி அளவு பார்த்துக் கொடுப்பார்? மூன்றையும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாரம் ஒரு கிலோகூடக் குறையவில்லை.

இப்போது சுஹைலா. உனக்கு அவள் லேபில் சாமான்களையும் ஃபிரிட்ஜையும் பார்த்துக்கொள்கிற பெண். எனக்கு அவள் வியாழக்கிழமைக் கெம்போங் மீன் வாடிக்கை. தாமான் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் ஃபிளாட்டிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள். ஒவ்வொரு மீனாகச் செவுளைத் திறந்து பார்ப்பாள். "மீனுக்குப் பல் டாக்டரா நீ?" என்று நான் கேட்பேன். "பாக்சிக் பொய் சொல்வார், மீன் சொல்லாது" என்பாள். இப்படி ஒரு விளையாட்டு எங்களுக்குள். அவள் பேசுவது மலாயில், மாமா என்கிற அந்த 'பாக்சிக்' ஒன்றைத் தவிர எனக்கு அதை எழுத வராது, அதனால் தமிழில் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை வந்தாள். செவுளைப் பார்க்கவில்லை. நான் எடுத்துப் போட்டதை அப்படியே வாங்கிக்கொண்டாள். "என்ன, இன்னைக்கு டாக்டருக்கு லீவா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "பாக்சிக், உங்க மகன் வேலை என்னாலதான் கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

என் கையில் கத்தி இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் என்று பாலர் பள்ளியிலிருந்து போன் வந்ததாம். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினாளாம். அன்று அந்த ட்யூப்பை மேசையிலேயே விட்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களாம். "விட்டியா?" என்றேன். "உள்ள வெச்ச மாதிரிதான் ஞாபகம், பாக்சிக். ஆனா தினம் யோசிச்சு யோசிச்சு, இப்ப மேசையில இருக்கிற மாதிரியும் கண்ணுக்குத் தெரியுது. நாந்தான் விட்டுட்டேன் போல" என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா கூட்டம் போடுகிறார், நீயும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அதற்கப்புறம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். யார் மேலும் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் பையில் நாலு கணவாயை அதிகமாகப் போட்டேன். அப்பன் வீரம் அவ்வளவுதான்.

அவள் படியேறிப் போகும்போது அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. வேனை ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் யோசித்தேன். வீட்டு வாசலில் வேனை நிறுத்தியதும் ஞாபகம் வந்தது. அது உன் முகம்தான், தம்பி. உனக்கு அப்போது ஒன்பது வயது.

ஃபிரீசர் ப்ளக் கதை உனக்கு மறந்திருக்காது. ஒரு நாள் காலையில் திறந்தால் மீன் அத்தனையும் இளகி நாற்றம் எடுத்தது. ப்ளக் சுவரிலிருந்து பிடுங்கிக் கிடந்தது. அதே ப்ளக் ஓட்டையில்தான் நீ உன் வீடியோ கேம் பெட்டியை மாட்டுவாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, அடித்துவிட்டேன். "நான் பிடுங்கலப்பா, நான் பிடுங்கல" என்று அழுதாய். ரெண்டு நாள் நான் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே வந்து என் பக்கத்தில் நின்று, "நாந்தாம்ப்பா பிடுங்கிட்டேன். எனக்கு ஞாபகம் வந்திருச்சு" என்றாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டேன், உண்மை பேசினாய் என்று மெச்சினேன், ஐஸ்கிரீம்கூட வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ப்ளக்கைப் பிடுங்கியது நான். கூடத்தைக் கழுவ ஃபிரீசரை நகர்த்தினேன், பிடுங்கினேன், திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து ஒரு வாரம் கழித்து, மறுபடி கூடம் கழுவும்போது என் கை தானாக ப்ளக்குக்குப் போயிற்று, அப்போது தெரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். முடிந்துபோன கதை, பையன் மறந்துவிட்டான் என்று விட்டுவிட்டேன். நீ மறக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை வீட்டைவிட்டு இறங்கும்போது நீ அந்த ப்ளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறாய். பள்ளிக்குப் போகும்போதும் தொட்டாய், பினாங்குக்குப் போன அன்றும் பை தோளில் தொங்க, குனிந்து தொட்டாய். உன் அம்மா அதைப் பொறுப்பு என்பாள். நான் உனக்கு "ப்ளக் சாமி" என்று பேர் வைத்து, வருகிற விருந்தாளிக்கெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நான் போட்ட காயத்தை நானே பதினாறு வருஷம் கிண்டல் செய்திருக்கிறேன். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்கிறேன். நீ கொடுக்கிற நேரத்தில் கொடு.

செய்யாத தப்பை ஒருவர் தலையில் வைத்தால், அவர் அழுவார், சண்டை போடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். நல்லவர்கள் அப்படிச் செய்வதில்லை. நாலு நாள் கழித்து அவர்களே தேடிப் பிடித்து அதை ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள். நீ அப்படித்தான் செய்தாய், சுஹைலாவும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

இன்று காலை பூசை முடிந்ததும் அவள் ஃபிளாட்டுக்குப் போனேன். உன்னிடம் முதலில் சொல்லாமல் அவளிடம் ஏன் சொன்னேன் என்று கேட்பாய். உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால், அடுத்த மாதம் அந்தக் குளிர் நாட்டுக்கு மேல்படிப்புக்குப் போகிற உன் முகத்தைப் பார்த்து, "சரி, விடுப்பா" என்று நானே சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். திரும்பிப் போக வழி இல்லாமல் செய்துகொண்டுதான் எனக்கு ஒரு நல்ல காரியம் செய்ய வருகிறது. உன் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டேன் என்பது தெரிந்துதான் செய்தேன்.

உன் அம்மா காரில் வரும்போதே சண்டை போட்டாள். "பையன் போற நேரத்துல இதைக் கிளப்பணுமா? அந்தப் படிப்பை நிறுத்திட்டாங்கன்னா?"

"நிறுத்தலாம்."

"நிறுத்தலாம்னு சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வருது?"

"வரல. கஷ்டப்பட்டுத்தான் சொல்றேன்."

ஃபிளாட் வந்ததும் எனக்கு முன்னால் இறங்கிப் படியேறினாள். கதவைத் தட்டியதும் அவள்தான்.

நான் சுஹைலாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஐஸ் இளகியது, நீ கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னது, நான் ஃபிரீசரில் வைத்தது, பிறகு வாயை மூடிக்கொண்டது, எல்லாம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "அப்ப நான் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "அன்னைக்கு நான் உள்ளதான் வெச்சேனா?" என்றாள். உள்ளேதான் வைத்தாய் என்றேன். "பாக்சிக், நான் இப்பல்லாம் வீட்டை விட்டு இறங்கினா அடுப்பை அணைச்சேனான்னு மூணு தடவை ஏறி வந்து பார்க்கிறேன். மகளைப் பள்ளிக்கூடத்துல விட்டேனா காருலயே விட்டேனான்னு பாதி வழியில பயம் வந்துருது" என்று சொல்லிவிட்டு அழுதாள். உன் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு ஒரு வேடிக்கைகூட வாயில் வரவில்லை.

அழுது முடித்ததும் அவளுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. "பெட்டி உங்க வீட்டுக்கா வந்துச்சு?" என்றாள். உன் பொய்யை நான் என் வாயால் சொல்லவில்லை, தம்பி. ஆனால் என் ஃபிரீசர் எந்த வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? "அன்னைக்கு அவர் இப்பதான் வந்துச்சுன்னு சொன்னாரு. நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். உன்மேல் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "செவ்வாய்க்கிழமை உங்க மகன் என்ன சொல்வாரு, பாக்சிக்?"

தெரியாது என்றேன். உன்னைப் பெற்று, தோளில் தூக்கி, மீன் வேனில் பக்கத்தில் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றினவன் நான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இதைவிடப் பெரிய பயம் இந்த வயது வரைக்கும் எனக்கு வந்ததில்லை.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஊரிலெல்லாம் அப்பன்மார்கள் போகிற பிள்ளைக்கு நல்லது நாலு சொல்லி அனுப்புவார்கள். நான் ஒரே ஒரு காரியம்தான் சொல்லலாம், அதையும் என் தப்பிலிருந்து எடுத்துத்தான் சொல்கிறேன். நமக்குக் கைவந்த தொழில் நம்மை மெத்தனமாக்கிவிடும். ஐஸ் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் நீ சொன்னது என் காதில் நின்றும் கைக்கு இறங்கவில்லை. நாளைக்கு நீ பெரிய ஆளாவாய். உனக்கு எல்லாம் தெரியும் என்று உன் கை சொல்லும் நாள் வரும். அன்றைக்கு உன்னைவிடச் சின்னவர்கள் கீழ்த்தட்டில் வை என்றால், கீழ்த்தட்டில் வை.

நீ திங்கட்கிழமை சாயங்காலம் வருவாய். நான் அப்போது மீன் பாக்கி வாங்கக் கிளேபாங் போயிருப்பேன். வேண்டுமென்றேதான் போகிறேன், நீ இதைப் படிக்கும்போது எதிரில் இருந்தால் உன் முகத்தைப் பார்த்து ஏதாவது உளறிவிடுவேன். கடிதம் மீன் ஃபிரீசருக்கு மேல் இருக்கும். கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், பேசாமல் இருக்கவேண்டும் என்று தோன்றினால் இரு. ரெண்டு நாள் பேசாமல் இருந்த கடன் எனக்கு உண்டு, அதைத் தீர்த்துக்கொள். அம்மாவைத் திட்டாதே. அவள் சொல்லாமல் இருந்தது நான் கெஞ்சியதால்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு உன் லேப் வாசலில் நான் நிற்பேன். வியாபாரத்துக்குப் போகவில்லை. வேனைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், இன்னும் ஒரு தடவை கழுவுவேன். உன் அம்மா என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறாள். உன் டாக்டரம்மாவுக்கு முன்னால் போய், ட்யூப்பை ஃபிரீசரில் வைத்தவன் நான்தான், என் மகன் வேண்டாம் என்று சொல்லியும் வைத்தேன் என்று சொல்லப் போகிறேன். மலாயில் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து உன் அம்மாவிடம் ஒத்திகை பார்க்கிறேன். என் பங்கை மட்டும்தான் சொல்வேன். பெட்டி எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று அவர் கேட்டால், அது என் மகன் சொல்லவேண்டியது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் நீ வாயைத் திறப்பாயா மூடுவாயா என்பது உன்னோடு.

வேனில் முன்சீட்டில் எப்போதும் கிடக்கும் மீன் கூடையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டேன். ஏழே முக்காலுக்குக் கிளம்புவேன், அதற்கு மேல் நிற்க முடியாது. நீ இறங்கி வந்தால் அந்த சீட் உனக்கு. வரும் வழியில் அந்த ப்ளக்கைத் தொட்டுப் பார்க்காதே. இனி அது என் வேலை. எவ்வளவு கழுவியும் வேனில் கொஞ்சம் மீன் வாசம் அடிக்கத்தான் செய்யும், ஜன்னலைத் திறந்துவிட்டுக்கொள்.

உன் அப்பா